‘வீசிங்’ என்று முடிவுகட்டும் முன் கழுத்தில் காது வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கானாடுகாத்தான் பக்கம் எந்த வீட்டில் விசாரித்தாலும் மூச்சுத் தொல்லைக்கு இப்போது ஒரே பெயர்தான்: ‘வீசிங்’. கைப்பிள்ளைக்கு இழுத்தாலும் வீசிங், ஐ.சி.யு.வில் கிடந்து திரும்பிய பெரியவருக்கு இரைத்தாலும் வீசிங். பலருக்கு அது சரியான பெயர்தான். நெபுலைசர் வைத்தால் தணிகிறது, வீடு திரும்புகிறார்கள். ஆனால் மூச்சோடு குரலும் சேர்ந்து கெட்டிருக்கும் ஒரு சிலருக்கு அந்தப் பெயரே ஆபத்தாக முடிகிறது. அவர்களுடைய நுரையீரலில் கோளாறு ஏதும் இருக்காது. அடைப்பு குரல்வளையிலோ, அதற்கு ஒரு விரற்கடை கீழே மூச்சுக்குழாயின் தொடக்கத்திலோ இருக்கும். அந்த இடத்தை யாரும் எட்டிப் பார்க்காமலே மாதக்கணக்கில் இன்ஹேலர் அடித்துக்கொண்டிருப்பார்கள். அரிதாக வரும் கோளாறு இது. ஆனாலும் அடையாளம் தெரிந்தால் வீட்டிலேயே சந்தேகப்பட முடியும் என்பதால் எழுதுகிறோம்.

சத்தத்தைப் பிரித்துக் கேட்பதுதான் முதல் வேலை. ஆஸ்துமாவில் சத்தம் பெரும்பாலும் மூச்சை விடும்போது வரும். முதுகில் காது வைத்தால் பல இடத்தில் மெல்லிய விசில்போலக் கேட்கும். குரல்வளை, மூச்சுக்குழாய்ச் சுருக்கத்தில் மூச்சை உள்ளே இழுக்கும்போது சத்தம் வரும். சுருக்கம் குரல்நாணுக்குக் கீழே இருந்தால் இழுக்கும்போதும் விடும்போதும் ஒரே மாதிரி இரையும். நெஞ்சைவிடக் கழுத்தின் முன்பக்கம்தான் அது உரக்கக் கேட்கும். மின்விசிறியையும் டிவியையும் நிறுத்திவிட்டு, நோயாளியை உட்காரவைத்து, வாயைத் திறந்து நாலைந்து முறை ஆழமாக மூச்சு இழுக்கச் சொல்லி, தொண்டைக்குழி அருகே காதை வைத்துப் பாருங்கள். பிறகு ‘ஆ’ என்று ஒரே மூச்சில் முடிந்தவரை இழுக்கச் சொல்லுங்கள். நலமாக உள்ள பெரியவர் 15 வினாடிக்குக் குறையாமல் இழுப்பார். 10 வினாடிகூட நிற்கவில்லை, குரல் கரகரக்கிறது, வாக்கியத்தின் பாதியிலேயே மூச்சு வாங்குகிறது, முறையாக எடுத்த இன்ஹேலரும் கேட்கவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் ஸ்கோப் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

இந்த இடம் ஏன் இத்தனை எளிதில் அடைபடுகிறது என்பதற்கு அதன் அமைப்பே காரணம். பெரியவர்களின் மூச்சுக்குழாய் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம். அதில் 16 முதல் 20 வரை குருத்தெலும்பு வளையங்கள் உண்டு. அவை லாடம்போலப் பின்பக்கம் திறந்தவை. அதனால் குழாய் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். குரல்நாணுக்குச் சற்றுக் கீழே இருக்கும் கிரிகாய்டு வளையம் மட்டும் உலக்கைப் பூண் மாதிரி முழு வட்டம். மூச்சுப் பாதை முழுவதிலும் இப்படி முழு வட்டமாக இருப்பது இது ஒன்றுதான். பூணுக்குள் வீக்கம் வந்தால் வெளியே தள்ள வழியில்லை. உள்ளேதான் வீங்கும், உள்ளேதான் தழும்பு கட்டும், உள்ளேதான் துளை குறுகும்.

பிறந்த குழந்தைக்கு அந்தத் துளை 5 மில்லிமீட்டர் அளவுதான். நிறைமாதக் குழந்தைக்கு 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே சுருக்கம் என்று கணக்கு. சுற்றிலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் விட்டம் 5லிருந்து 3 ஆகிவிடும். பரப்பில் 64 விழுக்காடு போய்விடும். காற்று சீராக ஓடுவதாக வைத்துக்கொண்டாலும் அதை இழுக்க ஏழரை மடங்குக்கு மேல் சிரமப்பட வேண்டும். 15 மில்லிமீட்டர் துளை உள்ள பெரியவருக்கு அதே ஒரு மில்லிமீட்டர் வீக்கம் கால் பங்கைத்தான் குறைக்கும். சளி பிடித்த தாத்தா இருமிக்கொண்டே நடமாடுவதும், அதே சளி பிடித்த பேரப்பிள்ளை நெஞ்சுக்குழி உள்வாங்கத் தவிப்பதும் இந்தக் கணக்கினால்தான்.

பிறவியிலேயே வரும் கோளாறுகளில் குரலை நேராகப் பாதிப்பது குரல்வளைச் சவ்வு. கருவில் குரல்வளை முதலில் மூடியிருந்து, 10ஆம் வாரத்தை ஒட்டித் திறந்துகொள்ளும். அது முழுதாகத் திறக்காமல் போனால் இரண்டு குரல்நாண்களுக்கும் நடுவே முன்பக்கத்தில் வாத்தின் கால்விரல் இடுக்குத் தோல்போல ஒரு சவ்வு நின்றுவிடும். சவ்வு மெல்லியதாக, மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் குரல் கம்மலாக இருக்கும், மூச்சுக்குப் பெரிய தொல்லை இருக்காது. முக்கால் பங்கை மறைத்துவிட்டால் அழுகையே கேட்காது. பிறந்தவுடன் மூச்சுக்காகக் கழுத்தில் துளை போட வேண்டியும் வரலாம். சவ்வு கீழே கிரிகாய்டு வரை தடித்து இறங்கியிருப்பதும் உண்டு. இப்படிச் சவ்வு உள்ள குழந்தைக்கு இதயத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டும். 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருந்தால் சவ்வும் இதயக் கோளாறும் சேர்ந்தே வரக்கூடும்.

தாய்மார்கள் பயந்துவிடவும் கூடாது. கைக்குழந்தை மூச்சு இழுக்கும்போது வரும் கரகரப்புக்கு மிகப் பொதுவான காரணம் குரல்வளையின் மேற்பகுதி தளர்ந்திருப்பதுதான். மல்லாக்கக் கிடத்தினால், பால் குடித்தால், அழுதால் சத்தம் கூடும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றரை இரண்டு வயதுக்குள் தானே சரியாகும். பிரித்தறிய ஒரு நல்ல வழி அழுகையைக் கேட்பது. தளர்வு மட்டும் இருக்கும் குழந்தை கணீரென்று அழும். அழுகை கம்மலாக, பூனைக்குட்டி முனகல்போல, அல்லது வாயசைவு மட்டும் இருந்து ஒலியே இல்லாமல் இருந்தால் கோளாறு குரல்நாணிலேயே இருக்கிறது, காத்திருக்கக் கூடாது. ஆறு மாதத்துக்குள் இரண்டு மூன்று முறை ‘குரைப்பு இருமல்’ வந்து ஆஸ்பத்திரிக்குப் போன குழந்தைக்கும் பிறவிச் சுருக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குரல் நன்றாக இருந்து இரண்டு மூன்று வயதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மிக்கொண்டே போனால் எச்.பி.வி. 6, 11 வகைக் கிருமியால் குரல்நாணில் வளரும் மருக்களை நினைக்க வேண்டும். ஆஸ்துமா என்று பெயர் வாங்கி ஏமாற்றுவதில் அதுவும் ஒன்று.

குளிப்பாட்டும் பழக்கத்தைப் பற்றி மனம் விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆச்சிமார் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது குழந்தைக்கு இதம்தான். ஆனால் மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் மூக்கில் ஊதுவது, விரலை விட்டுக் கோழை எடுப்பது, உரம் எடுப்பதாகத் துணியில் போட்டு உருட்டுவது, தொக்கம் எடுக்கக் கூட்டிப்போவது ஆகிய ஐந்தும் மூச்சுக்குழாய் குறுகிய குழந்தையின் உயிரோடு விளையாடுவது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் எளிதில் வெளியேறாது. அங்கேயே தங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். விரல் பட்டால் 3 மில்லிமீட்டர் துளை வீங்கி மூடிக்கொள்ளும். குளித்தபின் போடும் சாம்பிராணியை மூச்சிரைச்சல் உள்ள குழந்தை இருக்கும் அறையில் காட்டாதீர்கள். புகையில்லாமல் துவட்டினாலும் தலை காயும்.

பெரியவர்களிடமும் வளர்ந்த பிள்ளைகளிடமும் பெரும்பாலும் பார்ப்பது பிறவிச் சுருக்கத்தை அல்ல. வெண்டிலேட்டர் குழாய் விட்டுப்போன தழும்பை. நம் வானம் பார்த்த பூமியில் வெண்டிலேட்டர் வரை போவதற்குக் காரணங்கள் தெரிந்தவைதான்: இரவில் தரையில் படுத்தவரைத் தீண்டும் கட்டுவிரியன், பூச்சிமருந்து நஞ்சு, தலைக்கவசம் இல்லாத பைக் விபத்து, பக்கவாதம், 2020, 2021 ஆண்டுகளில் கொரோனா. குழாய்தான் அவர்கள் உயிரைக் காப்பாற்றியது, அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் குழாய் நுனிக்குச் சற்று மேலே ‘கஃப்’ என்று ஒரு சிறு பலூன் இருக்கும். காற்று கசியாமலும் எச்சில் உள்ளே போகாமலும் அடைப்பதற்காக அதை ஊதிவைப்பார்கள். அதன் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீரழுத்தத்துக்குள் நிற்க வேண்டும். அதற்கு மேலே போனால் மூச்சுக்குழாயின் உள்தோலுக்குப் போகும் நுண்ணிய இரத்த ஓட்டம் நசுங்கும். சில மணி நேரத்திலேயே தோல் வெளுத்துப் புண்ணாகத் தொடங்கும். புண் ஆழமானால் குருத்தெலும்பு வெளியே தெரியும், கிருமி தொற்றும், சதை வளரும். பிறகு அந்தச் சதை தழும்பாகி இறுகும்.

கஃப்போடு இணைந்து வெளியே தொங்கும் சிறு பலூனை விரலால் நசுக்கிப் பார்த்து ‘சரியாக இருக்கிறது’ என்று விடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கைப்பழக்கம் உள்ளவர்களுக்கும் விரல் பொய் சொல்லும். அளக்க ஒரு கையடக்க மானி இருக்கிறது. அதை வைத்து ஷிஃப்டுக்கு ஒருமுறை, அதாவது 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, அளந்து எழுத ஒரு நிமிடம் போதும். குழாயின் அளவும் அப்படித்தான். பெரிய குழாயைத் திணிப்பதும், கட்டு தளர்ந்து குழாய் மேலும் கீழும் உரசுவதும், நோயாளி தானே பிடுங்கிக்கொள்வதும், திரும்பத் திரும்பக் குழாய் போடுவதும் புண்ணைக் கூட்டும். இரண்டு வாரத்தைத் தாண்டும் என்று தெரிந்தால் கழுத்தில் துளை போட்டு (ட்ரக்கியாஸ்டமி) வாய்வழிக் குழாயை எடுத்துவிடலாமா என்று மருத்துவர்கள் கேட்பது இதற்காகத்தான். ‘கழுத்தை அறுக்கக் கூடாது’ என்று உறவினர்கள் நாளைக் கடத்துவது குரல்வளைக்கு நல்லதல்ல.

குழாயை எடுத்த அன்று குரல் கம்மியிருப்பது இயல்பு. சில நாளில் தெளிய வேண்டும். தழும்புச் சுருக்கம் அப்போது தெரியாது. வீட்டுக்கு வந்து சில வாரம், சில சமயம் சில மாதம் கழித்து மெல்ல இறுகும். மூச்சுக்குழாய் 8 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகும்போதுதான் மாடிப்படி ஏறினால் இரைக்கும். 5 மில்லிமீட்டருக்கு வந்தால் உட்கார்ந்திருக்கும்போதே இரையும். அந்த நிலையில் ஒரு சளிக்கட்டி குறுக்கே நின்றாலே போதும், நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். இரைக்க ஆரம்பித்த முதல் வாரத்திலேயே பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். குரல் நன்றாக இருப்பதாலேயே மூச்சுப்பாதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. வாய்வழிக் குழாய் குரல்வளையின் பின்பக்கத்தில்தான் அழுத்திக் கிடக்கும். அங்கே தழும்பு கட்டினால் இரண்டு குரல்நாண்களும் ஒன்றையொன்று நெருங்கிய நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். நெருங்கியிருப்பதால் பேச்சு ஏறக்குறையத் தெளிவாக வரும். விரியாததால் மூச்சு உள்ளே போகாது. இதை வாதம் வந்து குரல்நாண் அசையாமல் நிற்பதாகத் தவறாக எண்ணிவிடுவதும் உண்டு. இரண்டுக்கும் சிகிச்சை வேறு. மயக்கத்தில் குரல்நாணைத் தொட்டு அசைத்துப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும்.

எந்தக் காரணமும் இல்லாமல், ஒருநாளும் வெண்டிலேட்டரில் இருந்திராமல் சுருக்கம் வருபவர்களும் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் 30 முதல் 50 வயதுக்குள் உள்ள பெண்கள். ‘படபடப்பு’, ‘மனசு சரியில்லை’ என்று சொல்லி அவர்களை அனுப்பிவிடுவது பெரிய அநியாயம். அவர்களுக்கு இரத்தத்தில் ஆன்கா பரிசோதனை செய்து இரத்தக்குழாய் அழற்சி நோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். காசநோயும் விலக்கப்பட வேண்டும்.

பரிசோதனை அப்படியொன்றும் பெரிதில்லை. மூக்கு வழியாக விடும் வளையும் ஸ்கோப், மரத்துப்போகும் மருந்து தெளித்து, விழித்திருக்கும்போதே இரண்டு மூன்று நிமிடத்தில் முடியும். குரல்நாண் அசைவை அதில் பார்த்துவிடலாம். கழுத்து, நெஞ்சு சி.டி. ஸ்கேனில் சுருக்கத்தின் நீளமும் குரல்நாணிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதும் தெரியும். மூச்சை ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியில் வரும் எண்களை மட்டும் பார்த்தால் ஆஸ்துமா என்று ஏமாறலாம். அதோடு வரும் வளைகோட்டைப் பார்க்க வேண்டும். நிலையான சுருக்கம் இருந்தால் மேலும் கீழும் தட்டையாகி, இட்லியை மேலிருந்தும் கீழிருந்தும் அமுக்கியதுபோல இருக்கும். கடைசியில் மயக்கத்தில் நேரடியாக உள்ளே பார்த்து, எந்த அளவுக் குழாய் சுற்றிலும் கொஞ்சம் காற்றுக் கசிவோடு இறங்குகிறது என்று அளந்து தரம் பிரிப்பார்கள். பாதி வரை அடைப்பு முதல் தரம், 51 முதல் 70 விழுக்காடு இரண்டாம் தரம், 71 முதல் 99 வரை மூன்றாம் தரம், துளையே இல்லையென்றால் நான்காம் தரம். 1994 முதல் உலகெங்கும் புழங்கும் கணக்கு இது. உங்கள் மருத்துவ அட்டையில் இந்தத் தரமும் சுருக்கத்தின் நீளமும் எழுதப்பட்டிருக்கிறதா பாருங்கள். இந்த இரண்டும் இல்லாமல் அடுத்த ஊர் மருத்துவர் எதையும் தீர்மானிக்க முடியாது. காரைக்குடியிலிருந்து சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கும் பஸ்ஸிலேயே போய் வரலாம். போகும்போது பழைய டிஸ்சார்ஜ் அட்டை, ஸ்கேன் படம் எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள்.

சிகிச்சையில் மெல்லிய, குட்டையான தழும்பென்றால் கத்தியாலோ லேசராலோ கீறி, பலூன் வைத்து விரிப்பார்கள். அது திரும்பவும் சுருங்கலாம், திரும்பவும் விரிக்க வேண்டி வரலாம் என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டு போக வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு, குருத்தெலும்பும் இடிந்து விழுந்த சுருக்கத்தைப் பலூன் காப்பாற்றாது. நாலு முறை, ஐந்து முறை என்று விரித்துக்கொண்டே போனால் தழும்பு நீளுமே தவிரக் குறையாது. அங்கே கெட்ட பகுதியை வெட்டியெடுத்து இரு முனைகளையும் சேர்த்துத் தைப்பதே தீர்வு. தையலில் இழுவிசை விழாதிருக்க மோவாயை நெஞ்சோடு சேர்த்து ஒரு தையல் போட்டு ஏறக்குறைய ஒரு வாரம் தலை குனிந்தபடி வைத்திருப்பார்கள். பார்க்க வருகிற சொந்தக்காரர் யாரும் ‘பாவம்’ என்று தலையணையை நகர்த்தித் தலையை நிமிர்த்திவிடக் கூடாது. குழந்தைகளுக்கு விலாவிலிருந்து குருத்தெலும்பு எடுத்துக் கிரிகாய்டு பூணைப் பிளந்து நடுவில் வைத்து அகலமாக்குவார்கள். பிறவிச் சவ்வை வெறுமனே வெட்டிவிட்டால் எதிரெதிரே இருக்கும் இரண்டு பச்சைப் புண்ணும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதனால் நடுவே ஒரு சிலிகான் தகட்டைச் சில வாரம் வைத்து எடுப்பார்கள்.

குரலைப் பற்றி அறுவைக்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. குரல்நாண்கள் சேர்ந்தால் குரல், விலகினால் மூச்சு. ஆகவே குரல்நாண் மட்டத்தில் அகலப்படுத்தும் எந்த அறுவையும் மூச்சைக் கொடுத்துக் குரலில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கிரிகாய்டின் முன்பகுதியை வெட்டியெடுக்கும் அறுவையில், குரலை மேலே ஏற்றுகிற தசை தன் பிடிமானத்தை இழக்கும். பெண்களின் குரல் தாழ்ந்து ஆண்குரல்போல ஆகும். மேல் ஸ்தாயி போய்விடும். தாலாட்டும் நலுங்குப் பாட்டும் பாடுகிறவர்களுக்கு இது சிறிய இழப்பல்ல. உயிருக்கு முன் குரல் பெரிதா என்று கேட்டு வாயடைக்காமல், எவ்வளவு குரல் மிஞ்சும் என்று முன்கூட்டியே சொல்லி, பேச்சுப் பயிற்சியாளரை அறுவைக்கு முன்பே பார்க்கவைப்பதுதான் முறை. பிறகு பயிற்சி பல மாதம் நடக்கும். குசுகுசுவென்று பேசுவது தொண்டைக்கு ஓய்வு என்று நினைப்பது தவறு, அதுவும் இறுக்கமே. மெல்லிய இயல்பான குரலில், குட்டை வாக்கியமாக, மூச்சு தீரும் முன் நிறுத்திப் பேச வேண்டும். வயிற்றின் புளிப்பு மேலேறி வந்தால் தையலும் தழும்பும் கெடும். இரவுச் சாப்பாட்டைப் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்து, கட்டிலின் தலைமாட்டை அரை அடி உயர்த்தி, மிளகாய்க் காரத்தைச் சில மாதம் தள்ளிவைப்பது நல்லது.

இதற்கிடையில் பலர் கழுத்துக் குழாயோடு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வீட்டில் இருக்கிறார்கள். உள்ளதிலேயே ஆபத்தான பகுதி அது. ஆஸ்பத்திரியில் அவசரமாகச் சொல்லிக்கொடுத்து அனுப்புவதால் விரிவாகவே எழுதுகிறோம்.

சளி உறிஞ்சும் குழலின் தடிமன் கழுத்துக் குழாயின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. குழந்தையின் குழாய் 4 மில்லிமீட்டர் என்றால் 6 பிரெஞ்சு எண் குழல். எவ்வளவு ஆழம் விட வேண்டும் என்பதைக் கையிருப்பில் உள்ள அதே அளவு மாற்றுக் குழாயில் விட்டுப் பார்த்து, நுனி எட்டிப்பார்க்கும் இடத்தில் குறியிட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தள்ளினால் மூச்சுக்குழாய்ச் சுவரை உறிஞ்சிப் புண்ணாக்கும், அங்கே இன்னொரு சதை வளரும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, உறிஞ்சாமல் உள்ளே விட்டு, விரலால் துளையை மூடி உறிஞ்சியபடி சுழற்றிக்கொண்டே வெளியே எடுங்கள். உள்ளே போய் வெளியே வருவதற்கு மொத்தம் 10 வினாடி. நீங்களும் மூச்சை அடக்கிக்கொண்டு செய்தால் நேரம் தானே தெரியும். குழந்தைக்கு இயந்திர அழுத்தம் 80 முதல் 100 மில்லிமீட்டர் பாதரசம் போதும். அடுத்த முறைக்கு முன் முகம் தெளிய விடுங்கள்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதை இன்றைக்கே முடிவு செய்துவையுங்கள். காலால் மிதிக்கும் உறிஞ்சு பம்ப் கிடைக்கிறது. அதுவும் இல்லாத நேரத்துக்கு 50 மில்லி சிரிஞ்சில் குழலைப் பொருத்தி இழுக்கலாம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு பை எப்போதும் தொங்க வேண்டும்: அதே அளவில் ஒரு குழாய், ஓர் எண் சிறியதாக ஒன்று, கட்டும் நாடா, கத்தரிக்கோல், ஜெல்லி, உப்புநீர், உறிஞ்சு குழல்கள், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பலூன் பை (அம்பு பை). குழாய் கழன்றுவிட்டால் தோளுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துக் கழுத்தை நிமிர்த்தி, அதே அளவுக் குழாயை விடுங்கள். போகவில்லை என்றால் சிறியதை விடுங்கள். இன்னொருவர் அதே நேரத்தில் 108ஐ அழைக்கட்டும். இதை வீட்டில் இரண்டு பேராவது, டிஸ்சார்ஜுக்கு முன்பே செவிலியர் முன்னிலையில் செய்து காட்டியிருக்க வேண்டும். நாடாவுக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவு இடைவெளி இருக்கட்டும்.

கழுத்துத் துளை வழியாகப் போகும் காற்று மூக்கில் நனைவதில்லை, வடிகட்டப்படுவதில்லை. நம் ஊர் வெயிலில் சளி ஓர் இரவில் பிசினாகக் காய்ந்து குழாயை அடைத்துவிடும். ஈரக் காஸ் துணியோ, அதற்கென்று விற்கும் ஈரம் காக்கும் மூடியோ எப்போதும் குழாய் வாயில் இருக்கட்டும். கழுத்துக் குழாய்க்குள் கழற்றக்கூடிய உள்குழாய் இருந்தால் அதைத் தினம் இரண்டு மூன்று முறை கழற்றிக் கழுவுங்கள். புதுவயல் அரிசி ஆலைத் தவிடும், மர இழைப்புத் தூளும், கொசுவர்த்திப் புகையும், கழுத்தில் போடும் பவுடரும் நேரே நுரையீரலுக்குப் போகும். ஊருணியில் இறங்குவதே கூடாது. குளியல் நெஞ்சுக்குக் கீழேதான்.

பேச உதவும் ஒருவழி வால்வைப் பற்றி ஓர் எச்சரிக்கை. காற்று குழாய் வழியே உள்ளே போய், குரல்நாண் வழியே மேலே வெளியேறும் என்பதுதான் அதன் சூத்திரம். குழாயில் பலூன் ஊதியிருக்கும்போது வால்வைப் பொருத்தினால் இழுத்த மூச்சு வெளியே வர வழியே இருக்காது. நிமிடங்களில் உயிர் போகும். பலூனின் காற்றை முழுதாக எடுத்த பிறகுதான் வால்வு. தூங்கும்போது வால்வு கூடாது. குழாய்க்கு மேலே சுருக்கம் கடுமையாக உள்ளவர்களுக்கு அது ஒத்துவராது. மூச்சுக்குழாய்க்குள் நின்று, ஒரு முனை மட்டும் கழுத்துக்கு வெளியே வரும் டி வடிவக் குழாய் வைத்தவர்களுக்குக் கழுத்துக்கு வெளியே தெரியும் முனையை மருத்துவர் சொன்னபடி மூடியே வைக்க வேண்டும். திறந்து போட்டால் உள்ளே சளி காய்ந்து அடையும், அந்தக் குழாய்க்கோ வீட்டில் கழற்றிக் கழுவ உள்குழாய் கிடையாது.

குரல் இல்லாதவர் கூப்பிட முடியாது. நம் மூன்றுகட்டு வீடுகளில் முகப்பில் படுத்திருப்பவரின் இருமல்கூட அடுப்படிக்குக் கேட்காது. பிள்ளைகள் வெளிநாட்டில், ஐயாவும் ஆச்சியும் மட்டும் என்று இருக்கும் வீடுகள் எத்தனையோ. நோயாளியின் கைக்கெட்டும் தூரத்தில் கம்பியில்லாத அழைப்பு மணியின் பித்தானையும், அடுப்படியிலும் பின்கட்டிலும் மணியையும் வையுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு இடுப்பில் கட்டும் சிறு மைக் போதும். வகுப்பில் முதல் வரிசை கொடுங்கள், சத்தமாகப் படி என்று நிற்கவைக்காதீர்கள். குரல் நிரந்தரமாகப் போனவர்களுக்கு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் பேச்சு, மொழிக் குறைபாடு தனிப் பிரிவாகவே இருக்கிறது. சான்றிதழுக்கு விண்ணப்பிக்க உரிமை உண்டு.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். இந்தப் பகுதியில் வெண்டிலேட்டர் வைத்துள்ள எல்லா மருத்துவமனைகளும், அரசோ தனியாரோ, டிஸ்சார்ஜ் அட்டையில் நான்கு விவரம் எழுதித் தர வேண்டும்: குழாயின் அளவு, எத்தனை நாள் இருந்தது, எத்தனை முறை மாற்றப்பட்டது, கழுத்தில் துளை போடப்பட்டதா. அதற்குக் கீழே ஒரு வரி: ‘மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தாலோ, மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தாலோ உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.’ ரப்பர் ஸ்டாம்பாகச் செய்து குத்தினால் செலவும் இல்லை. பல வருடம் கழித்து பிரசவத்துக்கோ குடலிறக்கத்துக்கோ மயக்கம் கொடுக்கப் போகும் மருத்துவருக்கும் இந்த நான்கு விவரம்தான் தேவை. வழக்கமான அளவுக் குழாய் இறங்காத கழுத்து என்று தெரிந்தால் அவர் சிறிய குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு தொடங்குவார். வீட்டார் இந்த அட்டையைப் பத்திரத்தோடு பெட்டியில் பூட்டாமல் லேமினேட் செய்து நோயாளியின் பையிலேயே வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
காது மூக்கு தொண்டை, மயக்கவியல், பேச்சுப் பயிற்சி, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பணிபுரிவோர் சிலர்,
காரைக்குடி வட்டாரம்.